குரல்வளை நிணநீர்ப் புற்றுநோய்க்கான கதிர் மருத்துவம்

குரல்வளை நிணநீர்ப் புற்றுநோய் என்பது குரல்வளையின் சளிச்சவ்வுக்கு அடியில் உள்ள நிணநீர்த் திசுவில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோய் ஆகும். மருத்துவ வழக்கில் இது குரல்வளை லிம்போமா எனப்படுகிறது. குரல்வளையில் தோன்றும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவையே இவ்வகையைச் சேர்ந்தவை. ஏனையவற்றில் மிகப் பெரும்பாலானவை செதிள் உயிரணுப் புற்றுநோய்கள் ஆகும். இவ்விரண்டும் ஒரே உறுப்பில், ஒரே விதமான குரல் கம்மலுடன் வெளிப்படுகின்றன. ஆயினும் இவற்றுக்கான சிகிச்சை முற்றிலும் வேறானது. செதிள் உயிரணுப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்தால் குரல்வளையையே அறுவை செய்து நீக்க நேரிடலாம். அதன்பின் நோயாளி இயல்பான குரலில் பேச இயலாது. நிணநீர்ப் புற்றுநோயில் குரல்வளையை நீக்கும் தேவை அநேகமாக எழுவதில்லை. மிதமான அளவுக் கதிர்வீச்சே, தேவைப்படும்போது மருந்துகளுடன் சேர்ந்து, நோயைக் கட்டுப்படுத்திவிடுகிறது. ஆகவே, கட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சரியாக அறிவதிலேயே நோயாளியின் குரல் தங்கியுள்ளது எனலாம்.

குரல்வளையும் நிணநீர்த் திசுவும்

குரல்வளை கழுத்தின் முன்புறத்தில், மூச்சுக்குழாயின் மேல்முனையில் அமைந்துள்ள உறுப்பாகும். இது மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கூறப்படுகிறது. குரல்நாண்கள் உள்ள நடுப்பகுதி, அதற்கு மேலே குரல்வளை மூடியை உள்ளடக்கிய மேற்பகுதி, அதற்குக் கீழே மூச்சுக்குழாயுடன் இணையும் கீழ்ப்பகுதி என்பன அவை. தொண்டையின் உள்நாக்கு அருகே உள்ள டான்சில்களில் நிணநீர்த் திசு மிகுதியாக இருப்பதைப் பலரும் அறிவர். குரல்வளையிலும் அவ்வகைத் திசு சிறிதளவு உண்டு. அது மேற்பகுதியில்தான் அதிகம் காணப்படுகிறது. குரல்நாண்களின் விளிம்பில் ஏறக்குறைய இல்லை. இதனாலேயே நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் குரல்வளையின் மேற்பகுதியில் தோன்றுகிறது. புகைப்பழக்கத்தால் வரும் செதிள் உயிரணுப் புற்றுநோயோ குரல்நாண்களிலும் மேற்பகுதியிலும் பரவலாகத் தோன்றுகிறது.

வகைகள்

நிணநீர்ப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று; பல நோய்களின் தொகுதி. குரல்வளையில் காணப்படுபவற்றுள் பி வகை நிணநீர் உயிரணுக்களில் இருந்து தோன்றுபவையே மிகுதி. அவற்றுள் இரண்டு முதன்மையானவை.

முதலாவது, பரவிய பெரிய பி உயிரணு லிம்போமா. இது விரைந்து வளரக்கூடியது. சில வாரங்களிலேயே மூச்சுப் பாதையை அடைத்துவிடலாம்.

இரண்டாவது, சளிச்சவ்வைச் சார்ந்த நிணநீர்த் திசுவின் விளிம்பு மண்டல லிம்போமா. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக மால்ட் லிம்போமா என்பர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஐசக்சன், ரைட் ஆகிய இருவரும் 1983-ஆம் ஆண்டு இக்கருத்தை முன்வைத்தனர். இது மிக மெதுவாக வளர்வது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் தங்கியிருப்பது. இரைப்பையில் தோன்றும் மால்ட் லிம்போமாவுக்கும் எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரிக்கும் தொடர்பு உண்டு என்பதும், அந்நுண்ணுயிரியை ஒழிக்கும் மருந்துகளால் பலருக்கு நோய் மறைகிறது என்பதும் நிறுவப்பட்டவை. குரல்வளையில் இத்தகைய தொடர்பு நிறுவப்படவில்லை. ஆகவே இங்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் கூடாது.

இவை தவிர, டி உயிரணு வகைகளும், எப்சுடீன்-பார் வைரசுடன் தொடர்புடைய இயற்கைக் கொல்லி டி உயிரணு வகையும், நிணநீர்ப் புற்றுநோய்க்கு நெருங்கிய உறவான பிளாசுமா உயிரணுக் கட்டியும் குரல்வளையில் அரிதாகக் காணப்படுகின்றன.

அறிகுறிகள்

குரல் கம்மல், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போன்ற உணர்வு, விழுங்குவதில் தடை, நாட்பட்ட இருமல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். கட்டி பெரிதாகும்போது மூச்சை உள்ளிழுக்கையில் கீச்சென்ற ஒலி எழும். இது உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலையாகும். காய்ச்சல், இரவில் மிகுதியாக வியர்த்தல், உடல் எடை குறைதல் ஆகிய மூன்றும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கே உரிய பொது அறிகுறிகள் எனினும், குரல்வளையில் மட்டும் தங்கியுள்ள நோயில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை.

மேற்கூறிய அறிகுறிகள் எவையும் இந்நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. நம் நாட்டில் நாட்பட்ட குரல் கம்மலுக்குக் காசநோயும் ஒரு காரணம். ஆகவே திசு ஆய்வு செய்யாமலே காசநோய் மருந்து தொடங்கப்படுவது உண்டு. மூச்சில் எழும் ஒலியை ஆசுத்துமா எனக் கருதி, சிடீராய்டு மாத்திரைகள் தரப்படுவதும் உண்டு. பின்னது கூடுதல் கவனத்துக்கு உரியது. சிடீராய்டுகள் நிணநீர் உயிரணுக்களைத் தற்காலிகமாக அழிப்பதால் கட்டி சுருங்கி, நோயாளிக்கு நலமானது போன்ற தோற்றம் ஏற்படும். மருந்தை நிறுத்தியதும் கட்டி மீண்டும் வளரும். அந்த இடைவெளியில் திசு எடுத்தால் நுண்ணோக்கியில் இறந்த உயிரணுக்கள் மட்டுமே தென்படலாம். ஆகவே நிணநீர்ப் புற்றுநோய் என்னும் ஐயம் இருக்குமானால், உயிருக்கு ஆபத்தான மூச்சடைப்பு இருந்தாலன்றி, திசு எடுப்பதற்கு முன் சிடீராய்டு தரப்படுவதில்லை.

மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல் எதுவாயினும் காது மூக்குத் தொண்டை மருத்துவரால் குரல்வளை நோக்கி கொண்டு பார்க்கப்பட வேண்டும் என்பது பொது விதியாகும். புகைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

நோயறிதல்

குரல்வளை நோக்கியில் பார்க்கும்போது செதிள் உயிரணுப் புற்றுநோய் பெரும்பாலும் மேற்பரப்பு சிதைந்து, புண்ணாகி, காலிபிளவர் போன்று காணப்படும். நிணநீர்ப் புற்றுநோய் சளிச்சவ்வுக்கு அடியில் வளர்வதால் மேற்பரப்பு வழவழப்பாகவும் முழுமையாகவும் இருக்கும். சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு நிறமுள்ள ஒரு புடைப்பு மட்டுமே தென்படும். அனுபவம் உள்ள மருத்துவருக்கு இது ஐயத்தை ஏற்படுத்தும். ஆனால் கண்ணால் கண்டதைக் கொண்டு முடிவுக்கு வர இயலாது.

முடிவைத் தருவது திசு ஆய்வே. இங்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கட்டி அடியில் இருப்பதால் மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த திசுவில் இயல்பான சளிச்சவ்வு மட்டுமே வரக்கூடும். ஆய்வகம் அதைச் சாதாரண அழற்சி என அறிவிக்கும். அறிவிப்பில் பிழை இல்லை. எடுத்த இடமே பிழை. எனவே மயக்க மருந்து கொடுத்து, ஆழமாகவும் போதிய அளவிலும் திசு எடுக்கப்பட வேண்டும். ஒரு முறை அழற்சி என வந்தும் கட்டி குறையவில்லை எனில் ஆய்வு மீண்டும் செய்யப்படுகிறது.

அடுத்து, நுண்ணோக்கியில் சிறிய, ஒரே மாதிரியான, நெருக்கமான உயிரணுக்கள் தெரிந்தால் அவை எவ்வகையின என்பதை வடிவத்தைக் கொண்டு மட்டும் கூறுவது கடினம். இதற்கு நோயெதிர்ப்புத் திசு வேதியியல் என்னும் சாயமேற்றும் முறை பயன்படுகிறது. சைட்டோகெரட்டின் என்னும் புரதம் காணப்பட்டால் செதிள் உயிரணு போன்ற மேற்சவ்வுப் புற்றுநோய் என்றும், சிடி45 காணப்பட்டால் நிணநீர்ப் புற்றுநோய் என்றும் பிரித்தறியலாம். பின்னர் சிடி20 பி வகையையும், சிடி3 டி வகையையும், சிடி138 பிளாசுமா உயிரணுக்களையும் காட்டுகின்றன. கேஐ-67 என்னும் குறியீடு உயிரணுக்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பதைத் தெரிவிக்கிறது.

சிறிய மருத்துவமனைகளில் இச்சாயங்கள் அனைத்தும் இருப்பதில்லை. அத்தகைய நிலையில் நோயாளி மீண்டும் திசு கொடுக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் திசு மெழுகுக் கட்டியில் பதித்து வைக்கப்பட்டிருக்கும். வழக்கில் இதனை பிளாக் என்பர். அதையும் கண்ணாடி வில்லைகளையும் பெற்றுப் பெரிய மையம் ஒன்றுக்கு எடுத்துச் சென்றால் மறு ஆய்வு செய்து தருவர். இந்நோய் அரிதானது என்பதால், ஒரே நோயியல் வல்லுநர் தம் பணிக்காலத்தில் சிலவற்றையே கண்டிருப்பார். ஆதலின் மறு ஆய்வு கேட்பது முதல் ஆய்வாளரை ஐயுறுவது ஆகாது.

நோயின் நிலை

நோய் குரல்வளையில் மட்டும் உள்ளதா, உடலின் வேறு இடங்களிலும் உள்ளதா என்பதை அடுத்து அறிய வேண்டும். இதற்குக் கழுத்து, மார்பு, வயிறு ஆகியவற்றின் சி.டி. படமோ, பெட்-சி.டி. படமோ எடுக்கப்படுகிறது. தேவைக்கேற்ப எலும்பு மச்சை ஆய்வும், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றுக்கான குருதிச் சோதனைகளும் செய்யப்படுகின்றன.

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 1971-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நிலைப் பகுப்பே இன்றும் அடிப்படையாக உள்ளது. லுகானோ நகரில் நடந்த கலந்தாய்வின் வழியே அது திருத்தப்பட்டு 2014-இல் வெளிவந்தது. குரல்வளையில் மட்டும் இருப்பது முதல் நிலை. கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருப்பது இரண்டாம் நிலை. பெரும்பாலான நோயாளிகள் இவ்விரு நிலைகளிலேயே கண்டறியப்படுகின்றனர். கதிர் மருத்துவம் முழுப் பயன் தருவதும் இந்நிலைகளிலேயே.

கதிர்வீச்சு பயனளிக்கும் விதம்

உயர் ஆற்றல் எக்சு-கதிர்களும் காமாக் கதிர்களும் உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளை முறிக்கின்றன. பெரும்பாலான புற்றுநோய் உயிரணுக்கள் இம்முறிவை உடனே உணர்வதில்லை. அவை பிரிய முயலும்போதுதான் இறக்கின்றன. சில பிழைத்தும் கொள்கின்றன. எனவே அவற்றை அழிக்க அதிக அளவுக் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. நிணநீர் உயிரணுவின் இயல்பு வேறு. உடலின் நோய் எதிர்ப்பில் பணிபுரியும் இவ்வுயிரணுக்கள், சேதமடைந்தால் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டவை. பிரியும் வரை காத்திராமல், கதிர்வீச்சு பட்ட சில மணி நேரங்களிலேயே அவை மடியத் தொடங்குகின்றன. அவற்றில் இருந்து தோன்றும் புற்றுநோயிலும் இவ்வியல்பு பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே சிலருக்குக் குரல் தெளிவடைவதற்கு இதுவே காரணம்.

ஏற்பளவு

உடல் ஏற்கும் கதிர்வீச்சு கிரே என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு கிலோகிராம் திசு ஒரு யூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே ஆகும். பழைய நூல்களில் காணப்படும் 100 ராட் இதற்குச் சமம்.

குரல்வளையின் செதிள் உயிரணுப் புற்றுநோய்க்கு வழக்கமாக 66 முதல் 70 கிரே வரை, ஆறரை முதல் ஏழு வாரங்களில் தரப்படுகிறது. மெதுவாக வளரும் மால்ட் லிம்போமாவுக்கு 24 முதல் 30 கிரே போதுமானது. நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாட்கள் எனக் கொண்டால் 24 கிரே 12 நாட்களில், அதாவது இரண்டு வாரமும் இரண்டு நாட்களும் கொண்ட காலத்தில், முடிந்துவிடும். பல நோயாளிகளுக்குக் கதிர் மருத்துவம் மட்டுமே போதுமானதாக உள்ளது; வேதிமருந்து தேவைப்படுவதில்லை.

இவ்வளவு குறைந்த அளவு போதும் என்பது எளிதில் ஏற்கப்பட்ட ஒன்றன்று. நீண்ட காலம் 40 முதல் 45 கிரே வரை தரப்பட்டு வந்தது. பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியிடப்பட்ட ஒப்பீட்டு ஆய்வு ஒன்று, மெதுவாக வளரும் வகைகளில் 24 கிரேயும் விரைந்து வளரும் வகைகளில் 30 கிரேயும், 40-45 கிரேக்கு இணையான பயனைத் தருகின்றன எனக் காட்டியது. இன்னும் குறைக்க இயலுமா என்னும் கேள்விக்கு விடையாக, வெறும் 4 கிரேயை 24 கிரேயுடன் ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதில் 24 கிரேயே சிறந்ததாக அமைந்தது. ஆயினும் 4 கிரேக்கும் கணிசமானோர் பயன் பெற்றமையால், முழுச் சிகிச்சையைத் தாங்க இயலாதவர்களுக்கு அது இன்றும் கைகொடுக்கிறது.

பரவிய பெரிய பி உயிரணு லிம்போமாவுக்குக் கதிர்வீச்சு மட்டும் தரப்படுவதில்லை. முதலில் ஆர்-சாப் எனப்படும் மருந்துத் தொகுதி மூன்று வாரங்களுக்கு ஒரு முறையாகச் சில சுற்றுகள் தரப்படுகிறது. இதில் ரிட்டுக்சிமாப் என்னும் எதிர்ப்பொருள் சிடி20 புரதத்தைக் குறிவைப்பது. அதன் விலை நம் நாட்டில் பெருந்தடையாக இருந்தது. 2007-ஆம் ஆண்டு ஐதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீசு நிறுவனம் அதற்கு ஒப்பான மருந்தை வெளியிட்ட பின் பலருக்கு எட்டியது. மருந்துச் சுற்றுகள் முடிந்தபின், நோய் இருந்த இடத்துக்கு 30 முதல் 36 கிரே வரை கதிர்வீச்சு தரப்படலாம். பெட்-சி.டி.யில் நோய் முற்றிலும் மறைந்தவர்களுக்குக் கதிர்வீச்சு தேவையா என்பதை மருத்துவக் குழு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறது. பிளாசுமா உயிரணுக் கட்டிக்கு 40 முதல் 50 கிரேயும், இயற்கைக் கொல்லி டி உயிரணு வகைக்கு 50 கிரே அல்லது அதற்கு மேலும் தேவைப்படுகின்றன.

சிகிச்சை நடைபெறும் முறை

மூச்சுப் பாதை அடைபடும் நிலையில் நோயாளி வந்தால் முதலில் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வழி அமைக்கப்படும். நிணநீர்ப் புற்றுநோயில் இத்துளை பெரும்பாலும் தற்காலிகமானது. கட்டி சுருங்கியபின் குழாய் அகற்றப்படும்.

கதிர்வீச்சு ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் விழ வேண்டும். இதற்காகச் சூடான நீரில் இளகும் நெகிழித் தகடு ஒன்று முகத்தின் மீதும் கழுத்தின் மீதும் வைக்கப்படுகிறது. அது ஆறியதும் அவருக்கே உரிய வார்ப்பாக இறுகிவிடும். துளைகள் நிறைந்த இவ்வார்ப்பின் வழியே மூச்சுவிடுவதில் தடை இல்லை. மூடிய இடத்தில் அச்சம் கொள்பவர்கள் முன்கூட்டியே கூறினால், கண்ணும் வாயும் இருக்கும் பகுதியை வெட்டித் தருவர். குறியீட்டுக் கோடுகள் தோலின் மீதன்றி வார்ப்பின் மீதே வரையப்படுகின்றன.

வார்ப்பு அணிந்த நிலையில் சி.டி. படம் எடுக்கப்பட்டு, கதிர் மருத்துவர் நோய் இருந்த பரப்பைக் கணினியில் வரைகிறார். முன்னாட்களில் கழுத்து முழுவதும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டது. இப்பொழுது நோய் தொடங்கிய இடத்தையும் அதைச் சூழ்ந்த சிறு எல்லையையும் மட்டுமே குறிவைக்கும் முறை வழக்கில் உள்ளது. குரல்வளை விழுங்கும்போது மேலும் கீழும் அசைவது. ஆகவே அவ்வசைவுக்கும் இடம்விட்டே எல்லை வகுக்கப்படுகிறது. மருத்துவ இயற்பியலாளர் கதிர்க்கற்றைகள் வர வேண்டிய திசைகளைக் கணக்கிட்டு, தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பிகள், தைராய்டு ஆகியவை ஏற்கும் அளவைக் குறைக்கிறார். இப்பணி முடியச் சில நாட்கள் ஆகும். நோயாளிகள் இந்தக் காத்திருப்பைத் தாமதம் எனக் கருதுவதுண்டு. உண்மையில் சிகிச்சையின் பெரும்பகுதி அப்போதே முடிந்துவிடுகிறது.

அன்றாடச் சிகிச்சை பத்து அல்லது பதினைந்து நிமிடங்களில் முடியும். கதிர்வீச்சு வெளிப்படுவது ஓரிரு நிமிடங்களே. நோயாளி அறையில் தனியே இருப்பார். பணியாளர்கள் ஒளிப்படக் கருவி வழியே அவரைப் பார்த்துக்கொண்டிருப்பர். வலியோ சூடோ தெரியாது. தமிழ்நாட்டில் மக்கள் இச்சிகிச்சையை "கரண்ட் வைப்பது" எனக் கூறுகின்றனர். பொருள் புரிந்தாலும் இச்சொல் வீண் அச்சத்தைத் தருகிறது. நோயாளியின் உடலில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. வெளியில் இருந்து கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிரியக்கம் தங்குவதும் இல்லை. அவர் வீட்டில் குழந்தைகளைத் தூக்கலாம், கர்ப்பிணிகளுடன் இருக்கலாம்.

பக்க விளைவுகள்

இரண்டாம் வாரத்தில் தொண்டை வறட்சியும் விழுங்கும்போது எரிச்சலும் தொடங்கி, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் மறைகின்றன. இக்காலத்தில் ஆறிய கஞ்சி, மோர், இட்லி போன்ற மென்மையான உணவு ஏற்றது. காரம், புளிப்பு, புகையிலை, மது ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். கழுத்துத் தோல் சற்றுக் கருமையாகும். அதன்மீது தைலம், மஞ்சள், முகப்பவுடர் முதலியவற்றை மருத்துவரைக் கேளாமல் பூசுதல் கூடாது. முதல் சில நாட்களில் குரல்வளை வீங்கி மூச்சுத் திணறல் கூடினால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

24 முதல் 36 கிரே வரையிலான அளவில் குரல்வளைக் குருத்தெலும்பு அழிதல், நிலையான விழுங்கற் குறைபாடு ஆகிய கடும் விளைவுகள் மிக அரிது. 70 கிரே பெறுபவர்களிடம் காணப்படும் இடர்களை இங்குப் பொருத்திப் பார்த்து அஞ்சத் தேவையில்லை. நீண்ட கால விளைவுகளில் கவனிக்கத்தக்கது தைராய்டுக் குறைவு. இது பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம்.

சென்னையில் கதிர் மருத்துவம்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934-ஆம் ஆண்டு பெர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப்பட்டது. கேப்டன் பெர்னார்டு என்பாரின் பெயரைத் தாங்கிய இந்நிலையம், இந்தியாவில் கதிரியலுக்கெனத் தனியே அமைந்த மிகப் பழைய நிலையங்களுள் ஒன்று.

புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் என்னும் முயற்சி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் இருந்து தொடங்கியது. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தது அவரை இதில் ஈடுபடச் செய்தது. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு அடையாற்றில் புற்றுநோய் நிலையம் அமைந்தது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் மாதம் 12 படுக்கைகளுடன் நிலையம் திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருட்டிணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். சாந்தா 2005-இல் மக்சேசே விருதும் 2016-இல் பத்ம விபூசண் விருதும் பெற்றார். 2021 சனவரி 19 அன்று மறைந்தார்.

கனடாவில் 1951-இல் முதன்முதலாகப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தப்பட்ட கோபால்ட்டு-60 கருவி, அதே பத்தாண்டுக்குள் அடையாறு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் இருந்த குறைந்த ஆற்றல் எக்சு-கதிர்க் கருவிகள் தோலைக் கருக்கிவிடும். குரல்வளை போன்ற சற்று ஆழமான உறுப்புக்குப் போதிய அளவு சென்று சேராது. கோபால்ட்டு-60 வெளியிடும் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றல் கொண்ட காமாக் கதிர்கள் இக்குறையை நீக்கின. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 5.27 ஆண்டுகள். ஆகவே தனிமம் பழையதாக ஆக, ஒரே அளவைத் தருவதற்கு நோயாளி அதிக நேரம் படுத்திருக்க வேண்டும். பின்னர் நேரியல் முடுக்கிகள் வந்தன. மின்சாரத்தால் இயங்கும் இவற்றில் கதிரியக்கத் தனிமம் இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே உருவாக்கிய பாபாட்ரான் என்னும் கோபால்ட்டு கருவியும் பல இந்திய மருத்துவமனைகளில் பயன்பட்டுள்ளது. குரல்வளை நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தேவையான அளவு குறைவானது என்பதால், மிக நவீனக் கருவி இல்லாத மையத்திலும் இதனைச் செம்மையாகச் செய்ய இயலும். சென்னை தரமணியில் 2019-இல் தொடங்கிய புரோட்டான் சிகிச்சை இந்நோயாளிகளுக்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

மேற்குப் புறநகர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் சென்னையின் மேற்கே அமைந்துள்ளன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. தொழிற்பேட்டைகளும் படைத்துறைத் தொழிற்சாலைகளும் நிறைந்த இப்பகுதியில், இயந்திர இரைச்சலுக்கு மேல் குரல் எழுப்பிப் பேசுவது பலருக்கு அன்றாட வழக்கம். குரல் கம்மினால் அது தொழிலால் வந்தது என எண்ணி விட்டுவிடும் வாய்ப்பு இங்கு அதிகம்.

கதிர் மருத்துவத்தின் நடைமுறைச் சுமை அதன் தொடர்ச்சியில் உள்ளது. ஒரு நாள் தவறினாலும் பயன் குறையக்கூடும் என்பதால் நாள்தோறும் சென்றுவர வேண்டும். செதிள் உயிரணுப் புற்றுநோய்க்கு 35 நாட்கள் செல்ல வேண்டிய இடத்தில், நிணநீர்ப் புற்றுநோய்க்கு 12 முதல் 18 நாட்கள் போதும். நாட்கூலி பெறுபவர்களுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

ஆவடி, அம்பத்தூர் ஆகிய இரண்டும் சென்னை-அரக்கோணம் இருப்புப்பாதையில் உள்ளன. புறநகர் மின்தொடர் வண்டியில் சென்ட்ரல் வந்து இறங்கினால், சாலையின் எதிர்ப்புறத்திலேயே இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அமைந்துள்ளது. அதே பாதையில் மேற்கு நோக்கிச் சென்றால் காட்பாடி நிலையம்; வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அங்கு இறங்க வேண்டும். திசுவின் மறு ஆய்வுக்கு அங்குச் செல்வோரும் உண்டு. பூந்தமல்லிக்கு இருப்புப்பாதை வாய்ப்பு இல்லாமையால் நெடுங்காலம் பேருந்தே வழியாக இருந்தது. பரங்கிமலை-பூந்தமல்லி சாலை வழியே போரூரில் உள்ள சிறீ இராமச்சந்திரா மருத்துவமனைக்கும், கிண்டியைக் கடந்து அடையாற்றுக்கும் செல்லலாம். எதிர்த்திசையில், பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. முதலமைச்சராக இருந்த அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். காஞ்சிபுரம் அவர் பிறந்த ஊர்.

2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் மருத்துவமும் அடங்கும். தொழிற்சாலைப் பணியாளர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வழியே பரிந்துரைக் கடிதம் பெற்று உயர் மருத்துவமனைகளுக்குச் செல்லலாம். இவ்விரண்டுக்கும் திசு ஆய்வு அறிக்கை தேவை. ஆகவே அறிக்கையின் மூலப்படியைப் பாதுகாத்து, படிகளை மட்டும் கொடுப்பது நல்லது.

தொடர் கண்காணிப்பு

சிகிச்சை முடிந்து ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மாதங்களில் குரல்வளை நோக்கியாலும் படங்களாலும் பயன் மதிப்பிடப்படுகிறது. அதற்கு முன் பெட் படம் எடுத்தால் கதிர்வீச்சால் ஏற்பட்ட அழற்சியே நோய் போலத் தோன்றக்கூடும். முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஓரிரு முறையும் நோயாளி பார்க்கப்படுகிறார். மால்ட் லிம்போமா, குரல்வளை முற்றிலும் நலமாக இருக்கையிலேயே, பல ஆண்டுகள் கழித்து இரைப்பை, கண்குழி, உமிழ்நீர்ச் சுரப்பி, நுரையீரல் ஆகிய வேறு சளிச்சவ்வுப் பகுதிகளில் தோன்றக்கூடியது. அவ்வாறு தோன்றினாலும் மீண்டும் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுகிறது. எனவே ஐந்து ஆண்டுகள் கடந்தவுடன் கண்காணிப்பை நிறுத்துவதில்லை. கழுத்தில் கதிர்வீச்சு பெற்ற அனைவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை தைராய்டுத் தூண்டு இயக்குநீரின் அளவு குருதியில் சோதிக்கப்பட வேண்டும். அது உயர்ந்திருந்தால் நாள்தோறும் ஒரு தைராக்சின் மாத்திரை தரப்படுகிறது.